ஆறு வருடம், அனுபவம் பூஜ்யம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை. தீபாவளியோடு பட்டாசுக் கம்பெனி பூட்டியாயிற்று. திருத்தங்கலில் பாதி சனம் வீட்டில்தான். பகலிலேயே எல்லா வீட்டிலும் டிவி.

இன்று விண்ணப்பம் மூன்று. சென்னையில் பெயின்ட் கம்பெனி. கோயம்புத்தூரில் மாத்திரைக் கம்பெனி. ஓசூரில் பிளாஸ்டிக் என்னமோ. மூன்றிலும் கேட்பது ஒரே மாதிரி ஆளைத்தான்: கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டும், தரம் பார்க்கிற வேலையில் அனுபவம் வேண்டும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். திரி நீளம், காகிதச் சுற்று, ஈரம், பெட்டிக்குள் சரக்கு சரியா. எனக்கென்ன குறை என்றுதான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படிவத்தின் முதல் பக்கத்தில் பயோடேட்டாவை ஏற்றச் சொன்னது. ஏற்றினேன். பச்சை டிக் அடித்து வாங்கிக்கொண்டது. அடுத்த பக்கத்தில், அதே பயோடேட்டாவில் இருக்கிற அத்தனையையும் கட்டம் கட்டமாக மறுபடி அடிக்கச் சொல்கிறது. பத்தாம் வகுப்பு எந்தப் பள்ளி, எந்த வருடம், எத்தனை சதவீதம். அப்புறம் எதற்கு வாங்கினாய்? சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், சாப்பாடு எப்ப போடுவீங்க என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

கடைசிப் பெயர் கட்டாயமாம். எனக்கு ஏது கடைசிப் பெயர். இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்கிறது. பெயின்ட் கம்பெனிக்கு அப்பா பெயரைப் போட்டேன். ஓசூருக்கு வந்த எரிச்சலில் என் பெயரையே இன்னொரு தடவை போட்டுவிட்டேன். அங்கே நான் மாரீஸ்வரி மாரீஸ்வரி.

அம்மா அடுப்படியிலிருந்து: "யாரப் போட்டு இம்புட்டு ஏசுற?"

"போனத்தான்."

"அது என்ன செஞ்சுச்சு, பாவம்."

நவம்பர் 4, செவ்வாய்

எதற்காக இந்தப் பாடு என்று இங்கே எழுதி வைக்கிறேன். அலுத்துப்போகிற அன்று எடுத்துப் படிக்க.

அம்மாவும் அதே கம்பெனி. பெயர் ராமுத்தாய். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறை. நான் இருப்பது பேக்கிங், தள்ளி. போன ஆடியில் பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. சத்தம் எங்கேயிருந்து என்று தெரியவில்லை. ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்று வரை தெரியாது. அம்மா வேப்ப மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் வெள்ளியாகப் பொடி. "நம்ம எடத்துல இல்ல புள்ள" என்றாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வேனுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. கத்தினேன், அழுதேன், சாப்பிடவில்லை. கடைசியில் அம்மா சொன்னது: "வேலய விட்டு நின்னுட்டு என்னத்தத் திங்க? நீ வெளிய மாசச் சம்பளத்துல ஒரு வேலய வாங்கு. அன்னைக்கே நின்னுக்கிடுதேன்." அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே சர்க்கரை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சீசனில் மூச்சு விட நேரமில்லை. இப்போதுதான் நேரம். கம்பெனி திறக்கிற பூஜைக்குள் எனக்கு வேலை வேண்டும். பூஜையன்று அட்வான்ஸைக் கையில் வாங்கிவிட்டால் அடுத்த தீபாவளி வரைக்கும் அம்மாவுக்கு அந்த அறைதான். அதற்குள் வாங்கியாக வேண்டும். வாங்குவேன்.

இன்று விண்ணப்பம் நான்கு. கழுத்து வலி.

நவம்பர் 5, புதன்

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

பெயின்ட் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. ஓசூரும். நேற்றுப் போட்டதில் மூன்றும். "தங்கள் தகுதிகளைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்." அதில் ஒன்று, நான் அனுப்பிவிட்டுப் போய்த் தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் வந்த பதில். தோசை ஒரு பக்கம் வேகிற நேரத்தில் யார் எதைப் பரிசீலித்தார்கள்? கல்லுக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தோசை கருகிவிட்டது.

எல்லாப் படிவத்திலும் இருப்பவை:

பெயர், மூன்று துண்டாக.

நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. இரண்டும் ஒன்றுதான் என்று டிக் அடித்தாலும் விடாது.

முன்பு பார்த்த வேலை, சேர்ந்த தேதி, விட்ட தேதி, விட்ட காரணம். காரணத்தை நாமாக எழுத முடியாது. அவர்கள் வைத்திருக்கிற நாலைந்தில் ஒன்றைத் தொட வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் ஆசைப்படுகிறீர்கள்?

ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?

நான் ரோபோ இல்லை. பஸ் உள்ள படங்களைத் தொடவும்.

தொட்டேன். தப்பாம். எங்கள் ஊர் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவளுக்கு எது பஸ் என்று சொல்லித் தருகிறது.

சாயங்காலம் கோமதி வந்தாள், பக்கத்து வீடு. பிளஸ் டூ வரை ஒன்றாகப் படித்தோம். அப்புறம் எனக்குக் காலேஜ், அவளுக்குக் கல்யாணம். புருஷன் திருப்பூரில், மகள் இரண்டாம் வகுப்பு. பேக்கிங்கில் என் பக்கத்து மேஜை அவளுடையது. நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ஒரே கேள்விய இத்தன பேரு கேக்காங்களே, ஒருத்தன்ட்ட ஒருத்தன் கேட்டுக்கிட மாட்டானா?"

அதுதானே.

நவம்பர் 7, வெள்ளி

மத்தியானம் போர்மேன் அண்ணாச்சி வந்தார். டீ மட்டும் போதும் என்றார், சீடையும் தின்றார். பூஜை இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. இந்த வருடம் யார் யார் வருகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறார்.

"அக்கா, நீங்க எப்பவும்போல ரூம்தான?"

அம்மா என்னைப் பார்த்தாள். "பெறகு சொல்லுதேன் தம்பி."

"பெறகுன்னா? ஆர்டர் இப்பவே வந்து நிக்கி. வாரீகளா வரலயான்னு பூஜைக்கு மொத நாளாவது சொல்லிருங்க. நான் வேற ஆளு பாக்கணும்ல."

"சொல்லுதேன்."

"மாரி, நீ?"

"நானும் பெறகு சொல்லுதேன் அண்ணாச்சி."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்லுதீகளாக்கும்." சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனுஷன்தான். அவருக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் போனபின் அம்மா: "எனக்காவ அவசரப்படாத. ஆனா அதான் நாளு கெடக்கேன்னும் இருந்துராத." இது ஆறுதலா மிரட்டலா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.

நவம்பர் 8, சனி

ரேஷனில் பாமாயில் இல்லை. சர்க்கரை உண்டு.

போட்டோப் பிரச்சினை. ஒருத்தனுக்கு ஐம்பது கே.பி.க்குள் வேண்டும். இன்னொருத்தனுக்கு நூறுக்கு மேல். ஒருத்தனுக்குப் பின்னால் வெள்ளை, ஒருத்தனுக்கு நீலம். பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் அக்காவிடம் போனேன். ஒரே முகத்தை ஐந்து அளவில் வெட்டிக் கொடுத்தாள். "இந்தாங்க, எவன் கேட்டாலும் தூக்கிப் போடுங்க" என்றாள். அவளுக்கும் எம்.காம். என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அவளும் போட்டுப் பார்த்து ஓய்ந்தவள்தான். "நான் விட்டுட்டேங்க. நீங்க விட்டுராதீங்க."

மினிபஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்:

"இந்த வருசம் எங்கன?"

"அங்கனயேதான். நீ?"

"இன்னும் பேசல. வேன் வீட்டு வாசலுக்கு வாரதா இருந்தா அங்கன, இல்லன்னா இங்கன."

எங்கள் ஊரில் கார்த்திகை வந்தால், எந்தக் கம்பெனி என்று எல்லோரும் பேசுகிற பேச்சு இதுதான். எனக்கு வேலை வந்து சேர்ந்தால் யாரிடமாவது, எங்கேயும் இல்லை, வெளியே என்று சொல்லலாம்.

இன்று விண்ணப்பம் இரண்டு. இரண்டுக்கும் உடனே வேண்டாம் என்று பதில்.

நவம்பர் 10, திங்கள்

இரண்டு தடவை பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான்.

காலையில் போன். கோயம்புத்தூர் மாத்திரைக் கம்பெனி. ஒரு பெண், சின்ன வயதுக் குரல். இன்டர்வியூவுக்குங்களா என்று கேட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"இல்லைங்க, உங்களுது ரிஜெக்ட் ஆயிடுச்சுங்க. எனக்கே ஒரு சந்தேகம், அதான் கூப்பிட்டேன். ஆறு வருஷத்துல ஆறு தடவை வேலைய விட்டிருக்கீங்க. ஆனா ஆறுலயும் ஒரே கம்பெனி பேர் இருக்குதுங்களே?"

"ஆமாங்க. ஒரே கம்பெனிதான்."

"அப்புறம் ஏனுங்க ஆறு தடவை சேர்ந்தீங்க?"

விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கம் தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு. தீபாவளியோடு போனஸ் கொடுத்து, கணக்கை முடித்து, கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். பூஜை போட்டுத் திறக்கும்போது புதுப் பதிவேட்டில் புதிதாகப் பெயர். அது ஒரு வருடம். மறுபடி தீபாவளி, மறுபடி பூஜை. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டேன். பூஜையன்று சேர்ந்தேன், தீபாவளிக்கு விட்டேன், காரணம்: ஒப்பந்தம் முடிந்தது.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"அக்கா, அது லீவுங்க. அதுக்குப் பேர் லீவு."

அக்கா என்று எப்போது மாறினாள் என்று தெரியவில்லை.

"எங்க சிஸ்டம் ஒரு வருஷத்துக்குக் கம்மியா இருக்கிற வேலைய அனுபவத்துல சேர்க்காதுங்க. உங்களுது எதுவுமே முழு வருஷம் வரலை. அனுபவம் பூஜ்யம்னு காட்டுது. அதுல வேற ஆறு தடவை விட்டவங்கன்னு செகப்புக் குறி."

திருத்தி அனுப்பட்டுமா என்றேன். ஒரு தடவை வேண்டாம் என்று போய்விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி போட முடியுமாம். அவளே வருத்தப்பட்டாள். நன்றி சொல்லி வைத்தேன். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை கம்பெனியில் அவள் ஒருத்திதான் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஆறு வருடம். பூஜ்யம். அத்தனை படிவத்திலும் அதே மாதிரிதான் போட்டிருக்கிறேன். கட்டம் பத்தாமல் "மேலும் சேர்க்க" என்பதைத் தொட்டுத் தொட்டு, கழுத்து நோக, ஒவ்வொரு வருடமாகச் சேர்த்து என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் அப்பிடித்தான எழுதியிருப்பேன். இந்த வருசம் எங்க வேலன்னுதான கேப்பாக. மொத்தம் எத்தன வருசம்னு எவ கேட்டா?"

கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன். முகம் கழுவினேன். நாளைக்கு முதலிலிருந்து.

நவம்பர் 11, செவ்வாய்

முதலிலிருந்து.

பி.எஃப். கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடமும் ஒரே நம்பர், ஒரே கம்பெனி. கார்த்திகையில் மட்டும் பணம் ஏறவில்லை. அதை அச்செடுத்து வைத்தாயிற்று. எவன் கேட்டாலும் காட்டலாம்.

பயோடேட்டாவில் ஆறு பத்தியை அழித்து ஒரு வரி. சேர்ந்த தேதி, முதல் பூஜை. விட்ட தேதி, இன்னும் விடவில்லை. எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார்க்க.

வேலை தேடுகிற தளத்தில் புதுச் சிக்கல். என் நம்பரில் பழைய விவரம் ஏறிக் கிடக்கிறது. திருத்த விடாது. புதிதாகக் கணக்குத் தொடங்க வேறு நம்பர் வேண்டும். சுவர் மேலே எட்டிக் கோமதியைக் கூப்பிட்டேன். அவள் நம்பரைப் போட்டேன். அவள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே ஓ.டி.பி.யைச் சத்தமாகச் சொல்ல, நான் இங்கே அடிக்க, தெருவுக்கே தெரிந்திருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: "என்னம்மா, லாட்டரியா?"

ஆறு மாதம் கழித்து வா என்று சொன்னவர்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டேன். புது இடங்கள்: மதுரையில் உரக் கம்பெனி, தூத்துக்குடியில் ரசாயனம், விருதுநகரில் (எங்களுக்கு வி.நகர்) மசாலா கம்பெனி. அங்கே வத்தல், மல்லி, மஞ்சள் சோதிக்கிற லேபுக்கு ஆள் கேட்கிறார்கள். பஸ்ஸில் போய் வந்துவிடலாம். அம்மாவைத் தனியே விட வேண்டாம். வி.நகருக்குப் போட்டபோது மட்டும் கை கொஞ்சம் நின்று நின்று அடித்தது.

நவம்பர் 13, வியாழன்

கோமதி ஓடி வந்தாள். கையில் மாவு, காதில் போன், வாய் மேல் விரல். போனை வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

வி.நகர் மசாலா கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் நம்பருக்கு.

"மாரீஸ்வரியான்னு கேட்டாக. ஆமான்னுட்டேன்."

"ஏ பாவி."

"வேற என்ன சொல்ல? இல்லன்னா வச்சிருவாகல்ல. எந்த ஊருன்னாக, சொன்னேன். என்ன படிச்சிருக்கீங்கன்னாக, நீ அன்னைக்கு அடிச்சதப் பாத்தேன்ல, அதச் சொன்னேன். சனிக்கெழம பத்து மணிக்கு வர முடியுமான்னாக. வந்துருதேன்னேன்."

கட்டிப்பிடித்தேன். மாவு என் நைட்டியெல்லாம். கோமதி ரொம்பப் பெருமையாக இருந்தாள். "என்னயவே எடுத்துருப்பாக போல, அம்புட்டு நல்லாப் பேசுனேன்."

நவம்பர் 15, சனி

வி.நகர் போய் வந்தேன். கால் வலி. வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனி வாசலிலேயே தும்மல். உள்ளே எல்லோரும் சாதாரணமாக நடமாடுகிறார்கள். முன் மேஜைப் பெண் ஐந்து பக்கக் காகிதத்தை நீட்டினாள். பெயர். முகவரி. பத்தாம் வகுப்பு எந்த வருடம்.

"ஆன்லைன்ல எல்லாம் குடுத்தாச்சே."

"அது ஆன்லைனுக்கு. இது பைலுக்கு."

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். எழுதி முடித்ததும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போன்ல உங்க குரல் வேற மாதிரி இருந்துச்சே?"

"அன்னைக்குச் சளிங்க."

லேப் மேனேஜர் ஐம்பது வயதிருக்கும். கேள்வி கேட்டார். ஈரப்பதம் எப்படிப் பார்ப்பீர்கள், சாயம் கலந்த வத்தல் பொடியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள். முதலாவதற்கு நன்றாகச் சொன்னேன். இரண்டாவது பாதிதான் தெரிந்தது, மீதியைக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். பி.எஃப். அச்சைப் பார்த்தார். "ஒரே கம்பெனில ஆறு வருசமா" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் எத்தனை பாடு.

பிறகு கேட்டார்: "ஏன் விடுறீங்க?"

எத்தனை படிவத்தில் இந்தக் கேள்விக்கு "சிறந்த வாய்ப்பு" என்பதைத் தொட்டிருப்பேன். தொட இங்கே ஒன்றும் இல்லை. எதிரே ஒரு மனுஷன் காத்துக்கொண்டு இருக்கிறார்.

"எங்கம்மா மருந்து அடைக்கிற ரூம்ல இருக்காக சார். எனக்கு வெளிய வேல கெடச்சா நின்னுக்கிடுதேன்னு சொல்லியிருக்காக. அதான்."

பேனாவை வைத்தார். "எப்ப தொறக்காங்க?"

"இருபத்தொண்ணு பூஜை."

"முடிவு என் கையில மட்டும் இல்லம்மா. மேல அனுப்பணும்."

"அனுப்புங்க சார்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை. இரக்கத்துக்குக் கேட்ட மாதிரி ஆகிவிட்டதோ. ஆனால் கேட்டது அவர். உண்மை அதுதான். சொன்னது சொன்னதுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

கார்த்திகை பிறந்துவிட்டது. பதில் இல்லை.

மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறேன். தள்ளுபடியில் சுடிதார், கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா, தள்ளுபடியில் சுடிதார்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்னும் ஐந்து விண்ணப்பம். இப்போது படிவத்தைப் பார்த்தால் கோபம்கூட வரவில்லை. எங்கே என்ன கேட்பான் என்று தெரிகிறது, கை தானாகப் போகிறது. பத்தாம் வகுப்பு சதவீதத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அம்மா: "போதும் புள்ள. கண்ணு கெட்டுரும். கெடைக்கலன்னா இந்த ஒரு வருசம் போயிட்டு வாரேன். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"ஒரு நாளுகூடப் போக வேண்டாம்."

"சொல்லிட்டா ஆச்சா?"

ஆறாவது விண்ணப்பத்தைத் திறந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போனில் மெயில் வந்து சிணுங்கியது. வி.நகர். தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள், டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும், கீழே உள்ள சேர்க்கைப் படிவத்தை நிரப்பவும். தொட்டேன். பெயர். முகவரி. பத்தாம் வகுப்பு எந்தப் பள்ளி, எந்த வருடம், எத்தனை சதவீதம். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது: "மாசாமாசம் சம்பளம் வருமா?"

"வரும்மா."

"தீபாவளிக்குப் பூட்ட மாட்டாகளே?"

"மாட்டாக."

"சரி" என்றாள். அரிசியைக் களைந்துகொண்டிருந்தவள் அதே தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இந்த அழுகையை மறைக்கவில்லை.

சாயங்காலம் போர்மேன் அண்ணாச்சி வந்தார். அம்மா வாசலுக்கே போய்ச் சொன்னாள்: "தம்பி, நான் இந்த வருசம் வரல. மாரியும் வரல. அவளுக்கு வி.நகர்ல வேல கெடச்சிருக்கு."

"நல்லதுக்கா. ரொம்ப நல்லது." நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நோட்டில் இரண்டு பெயரையும் கோடு போட்டு அடித்தார். அம்மா ஏதோ பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தாள். அவர் அப்படியே பக்கத்து வீட்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டார்.

சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"கோமதி, ராமுத்தாயக்கா வேலய விட்டு நிக்காக. அந்த ரூமுக்கு வாரியா? பேக்கிங்க விடக் கூலி கூட."

ரொம்ப யோசிக்கவில்லை அவள். "வாரேன் அண்ணாச்சி."

அவர் போனதும் அவள் வீட்டுக்குப் போனேன். மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"பேக்கிங்லயே இருக்க வேண்டியதுதான?"

"கூலி கூட. தெரியாத மாதிரி கேக்க."

"எங்கம்மாவ அங்கனருந்து எடுக்கத்தான் நான் இம்புட்டுப் பாடு பட்டேன் கோமதி."

"தெரியும்லா. நான்தான போன்ல பேசுனேன்." பின்னலைப் போட்டுக்கொண்டே சொன்னாள், கோபமில்லாமல்: "அந்த எடம் சும்மா கெடக்கும்னா நெனச்ச? எவளாவது ஒருத்தி உக்காந்துதான ஆகணும்."

இத்தனை நாளாக அம்மாவை வெளியே எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அந்த அறையை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைக் குறைக்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

அம்மா பழக்கத்தில் வழக்கமான நேரத்துக்கே எழுந்து குளித்துவிட்டாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வாசலைப் பெருக்கினாள், பெருக்கின வாசலை மறுபடி பெருக்கினாள்.

மருந்து அறைக்குள் நூல் சேலைதான் கட்ட வேண்டும், மற்றது உரசினாலே பொறி. கோமதியிடம் இருப்பதெல்லாம் பேக்கிங்குக்குக் கட்டுகிற பாலியஸ்டர். அம்மா பெட்டியைத் திறந்து தன்னுடைய நூல் சேலைகளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். பக்கத்தில் நின்று கட்டியும் விட்டாள்.

"ஊக்குக் குத்தாத, இரும்பு ஆகாது. கொசுவத்த இறுக்கிச் சொருகு. மருந்த அள்ளுறப்ப அவசரப்படாத, எவ முடிச்சா எவ முடிக்கலன்னு பாக்காத. வெயிலு ஏறிட்டா வெளிய வந்து நில்லு, ஏசுனா ஏசட்டும். சத்தம் கேட்டா எதயும் எடுக்காத. செருப்பக்கூடப் பாக்காத. ஓடிரு."

கோமதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வேன் ஹாரன். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன்.

"ஒன் பிளஸ் டூ சர்டிபிகேட் எங்க இருக்கு?"

"பீரோவுல. எதுக்கு?"

"சாயங்காலம் வந்து உக்காரு. ஒனக்குப் போடுவோம்."

"எனக்கு எவன் குடுப்பான்? நான் என்ன காலேஜா படிச்சேன்?"

"எனக்கு ஆறு வருசமும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான். உக்காரு நீ."

"அட்வான்ஸ் இன்னைக்குத் தாராக மாரி."

"வாங்கு. திருப்பிக் குடுக்க வழி பாப்போம். நீ உக்காரு."

"பாப்போம்" என்றாள். ஏறிவிட்டாள். அந்தச் சேலையில் பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவேதான். வேன் திரும்புகிற வரை அங்கேயே நின்றேன்.

எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பின அவள் மகளிடம் கேட்டுச் சர்டிபிகேட்டை வாங்கி வந்தேன். திருத்தங்கலில் இரண்டு அச்சகத்தில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள், வி.நகர் பருப்பு மில்லில் பில் போட. மூன்றுக்கும் பிளஸ் டூ போதும். பெயர், பிறந்த தேதி, முகவரி, பள்ளி, சதவீதம் அடித்தாயிற்று. வேலை அனுபவம் ஒரே வரி. மீதி அவள் வந்து சொல்ல வேண்டும்.

அம்மா மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து வாசலுக்குப் போய் நாரணாபுரம் பக்கம் பார்த்துவிட்டு வருகிறாள். மறுபடி போகிறாள். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்கிறாள். வேன் வர இன்னும் நேரம் இருக்கிறது.